மியூனிஷன்ஸ் எண்டால் ஆயுதமோ, தளவாடமோ, வெடிபொருளோ?

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்திலை ஒரு தொண்டு நிறுவனத்திலை மொழிபெயர்ப்பாளரா வேலை செய்யிறன். பளைப் பக்கம் மீள்குடியேறின ஊர்களுக்கு எண்டு ஒரு அறிவித்தல் இங்கிலிஷிலை எழுதி வந்தது, அதிலை மியூனிஷன்ஸ் எண்ட சொல்லு திரும்பத் திரும்ப வருது. நான் 'போர்த்தளவாடங்கள்' எண்டு போட்டன். எனக்கு மேலை இருக்கிறவர் அதை வெட்டிப்போட்டு 'ஆயுதங்கள்' எண்டு போட்டார். சென்னையிலை படிச்ச ஒரு அக்கா 'படைக்கலன்கள்' தான் சரி எண்டுறா. ஊரிலை ஒரு அம்மாவிட்டை வாசிக்கக் குடுத்தால் 'ஆமியின்ரை மேசை கதிரையே பிள்ளை?' எண்டு கேக்கிறா. எது ஐயா சரி? அமுனிஷன், ஓட்னன்ஸ் எண்டு வாறதுக்கெல்லாம் வேறை வேறை சொல்லு இருக்கோ? இன்னொண்டு, கனடாவிலை இருக்கிற மாமா தன்ரை வாக்குமூலத்தை இங்கிலிஷிலை ஆக்கித் தரச்சொல்லி அனுப்பியிருக்கிறார். அதிலை 'சாமான் ஏத்திக் குடுத்தனான்' எண்டு ஒரு இடம் வருது. அதுக்கு மியூனிஷன்ஸ் எண்டு போடலாமோ?

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம். அவசரமான ரண்டு விசயத்தை முதல்லை சொல்லிப்போட்டு மற்றதுக்கு ஆறுதலா வாறன். அந்த அறிவித்தல் இன்னும் அச்சுக்குப் போகேல்லை எண்டால் 'ஆயுதங்கள்' எண்டதை இண்டைக்கே எடுத்துப்போடுங்கோ. 'வெடிபொருட்கள்' எண்டு தலைப்பிலை போட்டு, கீழை செல் (பீரங்கியாலை, மோட்டாராலை அடிக்கிற குண்டு), மிதிவெடி, கிறனைட், ஆர்பிஜி (தோளிலை வைச்சு அடிக்கிற ரொக்கற் குண்டு) எண்டு பேரைப் பேராச் சொல்லுங்கோ. மற்றது, மாமான்ரை வாக்குமூலத்திலை 'சாமான்' எண்டதுக்கு மியூனிஷன்ஸ் எண்டு போடவே போடாதேங்கோ, ஏன் எண்டதைக் கடைசியிலை விளக்கமாச் சொல்லுறன், அது ஒரு மனிசன்ரை வாழ்க்கை சம்பந்தப்பட்ட விசயம்.

இனிச் சொல்லுக்கு வருவம். மியூனிஷன் எண்டது லத்தீன் வழி வந்த சொல்லு, மதில் கட்டுறது, அரண் போட்டுக் காக்கிறது எண்டதுதான் அதின்ரை அடிக்கருத்து. பிரெஞ்சிலை போய் அது அரணைக் காக்கிறதுக்கு வேண்டிய சகல சாமானும் எண்டு விரிஞ்சு போச்சு. அமுனிஷன் எண்டது பிறத்தியான் இல்லை, அதே சொல்லுத்தான். பிரெஞ்சிலை பேருக்கு முன்னாலை 'லா' எண்டு ஒரு ஒட்டு வரும், அந்த 'லா மியூனிஷன்' எண்டதைச் சனம் பிழையாப் பிரிச்சு 'ஆ'வைக் கொண்டுபோய்ச் சொல்லோடை ஒட்டினதாலை அமுனிஷன் பிறந்தது. பிறகு காலப்போக்கிலை ரண்டும் வழி பிரிஞ்சு, அமுனிஷன் எண்டால் சுடுறதுக்குப் போடுற ரவை, செல் எண்டு சுருங்கிப் போச்சு, மியூனிஷன்ஸ் மட்டும் பழைய அகலத்தோடையே கன காலம் நிண்டது.

எவ்வளவு அகலம் எண்டதுக்கு ஒரு உதாரணம். 1915-இலை முதலாம் உலகப்போர் நடக்கேக்கை பிரிட்டிஷ் படைக்கு செல் பற்றாக்குறை வந்து அது பெரிய அரசியல் பிரச்சினையாப் போச்சு, அப்பதான் மியூனிஷன்ஸ் அமைச்சு எண்டு புதுசா ஒண்டைத் தொடங்கி லொயிட் ஜோர்ஜை அதுக்கு அமைச்சராப் போட்டவை. அந்த அமைச்சு செல் மட்டும் செய்விக்கேல்லை, பீரங்கி, மெஷின்கன், பிறகு டாங்கி எல்லாம் அதின்ரை பொறுப்பிலைதான் இருந்தது. அமெரிக்காவிலை இப்பவும் மியூனிஷன்ஸ் லிஸ்ட் எண்டு ஒரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கு, 21 பிரிவு, அதுக்கை போர்க்கப்பலும் விமானமும் கூட வரும், செய்தியை மற்றாக்கள் வாசிக்கேலாமல் பூட்டி அனுப்புற குறியாக்க மென்பொருளைக் கூட 1996 வரைக்கும் அந்தப் பட்டியலிலைதான் வைச்சிருந்தவை. அப்ப ஒரு சரித்திரக் கட்டுரையிலையோ ஏற்றுமதிச் சட்டத்திலையோ இந்தச் சொல்லு வந்தால் 'போர்த்தளவாடம்' எண்டு நீங்கள் போட்டது நூற்றுக்கு நூறு சரி. அந்த அகலத்தை வேறை தமிழ்ச்சொல்லு ஒண்டும் பிடிக்காது.

ஆனால் இப்ப படையாக்களும் கண்ணிவெடி அகற்றுற ஆக்களும் எழுதிற அறிக்கையளிலை மியூனிஷன் எண்டு ஒருமையிலை வரும், அது வேறை கருத்து. வெடிமருந்தோ எரிமருந்தோ உள்ளுக்கை வைச்சு முழுசாச் செய்து முடிச்ச ஒரு தனிப் பொருள், அதுதான் மியூனிஷன். ஒரு செல் ஒரு மியூனிஷன், ஒரு கைக்குண்டு ஒரு மியூனிஷன். செல்லை அடிக்கிற மோட்டார்க் குழாய் மியூனிஷன் இல்லை. உங்களுக்கு வந்த அறிவித்தல் இந்த ரண்டாவது வகை. இதாலைதான் உங்கடை மேலதிகாரி போட்ட 'ஆயுதங்கள்' எண்டதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன் எண்டுறன்.

ஆயுதம் எண்டது கையிலை நிக்கிற பொருள், மியூனிஷன் எண்டது செலவாகிப் போற பொருள், அடுப்பும் விறகும் மாதிரி. துவக்கு ஆயுதம், ரவை மியூனிஷன். இந்தியாவிலை இதைத் துலக்கமாப் பிரிச்சிருக்கினம். பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை 2021 ஒக்டோபர் 1-ம் திகதி ஏழு கம்பனியாப் பிரிக்கேக்கை திருச்சியிலை துவக்குச் செய்யிற தொழிற்சாலை ஆயுதக் கம்பனிக்குப் போச்சு, நீலகிரி அருவங்காட்டிலை வெடிமருந்து செய்யிற, அந்த ஊர்ச்சனம் கார்டைட் ஃபேக்டரி எண்டு சொல்லுற தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா எண்ட கம்பனிக்குப் போச்சு. ரண்டும் தமிழ்நாட்டிலைதான் இருக்கு, ரண்டும் முந்தி ஒரே வாரியத்துக்குக் கீழை இருந்தது, ஆனால் செய்யிற பொருள் வேறை எண்டபடியால் வேறை வேறை வீட்டுக்குப் போச்சு.

எங்கடை பேப்பர்க்காரர் இதைப் பாக்கிறேல்லை. 2016 ஜூன் 5-ம் திகதி கொஸ்கம சாலாவ ஆமி முகாம் வெடிச்சுச் சிதறேக்கை 'ஆயுதக் களஞ்சியம் வெடித்தது' எண்டுதான் எழுதினவை. துவக்கு தன்ரைபாட்டிலை வெடிக்காது, அங்கை வெடிச்சது அடுக்கி வைச்ச செல்லும் வெடிபொருளும். பேப்பர்த் தலைப்பிலை அது பெரிய சேதம் இல்லை எண்டு விடலாம், வாசிக்கிறவருக்கு நடந்தது விளங்கும். உங்கடை அறிவித்தலிலை அப்பிடி விடேலாது.

ஏன் எண்டால் பளையிலை, முகமாலையிலை, இத்தாவிலிலை இருக்கிற ஒரு மனிசன் 'ஆயுதங்களைக் கண்டால் அறிவிக்கவும்' எண்டு வாசிச்சால் அவருக்கு என்ன விளங்கும்? துவக்கு விளங்கும். தாட்டு வைச்ச ஏகே, பிஸ்டல் விளங்கும். அதோடை ஒரு பயமும் வரும், ஆயுதம் கண்டனான் எண்டு போய்ச் சொன்னால் உது எப்பிடி உன்ரை காணிக்குள்ளை வந்தது, ஆர் தாட்டது எண்டு கேப்பினம், விசாரணை வரும், பேர் எழுதுவினம். எங்கடை சனத்துக்கு அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதாலை கண்டாலும் சொல்லாயினம். பேசாமல் மண்ணைப் போட்டு மூடிப்போட்டு அங்காலை போவினம், அடுத்த வருசம் வேலி அடைக்கிற பொடியன்ரை அலவாங்கு அதிலை இறங்கும்.

உண்மையிலை அந்தக் காணியளுக்கை கிடக்கிறது என்ன? கனக்க வேண்டாம், ஒரு 81 மில்லிமீற்றர் மோட்டார்ச் செல்லை எடுங்கோ. வால்ப்பக்கம் செட்டை, வயிறு பருத்து, மூக்கிலை அதை வெடிக்க வைக்கிற பியூஸ். விழேக்கை சில வேளை வெடிக்காது, சேத்திலை விழுந்திருக்கும், பியூஸ் வேலை செய்யாமல் விட்டிருக்கும், அப்பிடியே மண்ணுக்கை போயிடும். வருசம் போகப்போக துருப்பிடிச்சு செட்டை உக்கி உதிர்ந்து, முகமாலை மண்ணின்ரை நிறத்துக்கே வந்திடும், பாத்தால் செல் எண்டே தெரியாது, பழைய பைப் துண்டு எண்டு நினைப்பினம். உள்ளுக்கை இருக்கிற மருந்து உக்காது. துரு ஏற ஏற பியூஸ் இன்னும் நிச்சயமில்லாமல்தான் போகும். அதைத்தான் பழைய இரும்புக்கு எண்டு எடுக்கிறவை, அதைத்தான் சின்னப்பிள்ளையள் கல்லாலை தட்டிப் பாக்கிறவை. இதை 'ஆயுதம்' எண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டினம். 'போர்த்தளவாடம்' எண்டும் நினைக்கமாட்டினம். 'செல்' எண்டு சொன்னால் எட்டு வயசுப் பிள்ளைக்கும் எண்பது வயசு ஆச்சிக்கும் ஒரே நேரத்திலை விளங்கும்.

எங்கடை சனத்திட்டை இதுக்கு எவ்வளவு சொல்லு இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. செல், செல்துண்டு, ரவை, ரவைக்கோது, சன்னம், ரவுண்ஸ், கிறனைட், ஆர்பிஜி, மிதிவெடி, கண்ணிவெடி, பீப்பாய்க்குண்டு. மேலை பறந்து குண்டு போட்ட விமானத்துக்குச் சகடை எண்டு சனமே ஒரு பேரை வைச்சுச் சத்தத்தை வைச்சே அடையாளம் சொன்னது. மரப்பெட்டி மிதிவெடிக்கு ஜொனி எண்டு பேர். இதெல்லாம் ஆரும் கலைச்சொல் குழு கூடி ஆக்கினதில்லை, பங்கருக்கை இருந்த சனம் உயிரைக் காக்க ஒண்டிலை இருந்து ஒண்டைப் பிரிச்சுச் சொல்லவேண்டி வந்ததாலை வந்த சொல்லுகள். ஒரு அறிவித்தல் எழுதேக்கை இந்தச் சொல்லுகளைக் 'கொச்சை' எண்டு தள்ளிப்போட்டு அகராதிக்குள்ளை ஓடுறது எனக்குச் சரியான கவலை.

அந்த அம்மா கேட்ட மேசை கதிரைக் கேள்வியைச் சிரிச்சு விட்டிடாதேங்கோ தங்கச்சி, உங்களுக்கு வந்த பதிலுகளுக்கை பெறுமதியானது அதுதான். தளவாடம், தளபாடம் ரண்டுமே பொதுவிலை ஒரு வேலைக்கு வேண்டிய சாமான், சட்டுமுட்டு, கருவி எண்ட கருத்திலை வழங்கின சொல்லுகள். தமிழ்நாட்டிலை இப்பவும் பள்ளிக்கூடத்து மேசை வாங்குக்குத் 'தளவாடச் சாமான்கள்' எண்டு அரசாங்கக் கடிதங்களிலை எழுதுவினம், அதே நேரம் பேப்பரிலை 'ராணுவ தளவாடங்கள்' எண்டு வந்தால் பீரங்கியும் டாங்கியும். இஞ்சை எங்களிட்டை 'தளபாடம்' எண்டது வீட்டு மரச்சாமானோடை இறுகி ஒட்டிப்போச்சு. கே.கே.எஸ். வீதியாலை, ஸ்ரான்லி வீதியாலை போனால் கடைப்பலகையளிலை தளபாடம் எண்டுதான் எழுதியிருக்கும், கலியாண வீட்டுக்கு அலுமாரி, கட்டில், செற்றி எல்லாம் தளபாடக் கடையிலைதான். ஆனால் அதே சொல்லை சண்டைக்காலத்துச் செய்தியிலை 'ஆயுத தளபாடங்கள் கைப்பற்றப்பட்டன' எண்டும் நாங்கள் வாசிச்சனாங்கள், றேடியோவிலை கேட்டனாங்கள். முன்னுக்கு 'ஆயுத' எண்டோ 'போர்' எண்டோ ஒரு சொல்லு நிண்டால்தான் அது சண்டைச்சாமான், தனிய விட்டால் மேசை கதிரை. உங்கடை அறிவித்தலிலை முதல் தரம் 'போர்த்தளவாடங்கள்' எண்டு போட்டுப்போட்டு பிறகு கீழை சுருக்கி வெறும் 'தளவாடங்கள்' எண்டு எழுதியிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன். அந்த அம்மா அதைத்தான் பிடிச்சிருக்கிறா. எழுதினதை இப்பிடி ஊரிலை ஒராளிட்டைக் குடுத்து வாசிக்கச்சொல்லிக் கேட்டீங்களே, அந்தப் பழக்கத்தை விட்டிடாதேங்கோ.

படைக்கலம் எண்டு சொன்ன அக்காவும் பிழை சொல்லேல்லை. பழந்தமிழிலை 'படை' எண்டாலே சேனையும்தான் ஆயுதமும்தான், படைக்கலம் எண்டால் துலக்கமா ஆயுதம். இந்தியாவிலை ஓட்னன்ஸ் ஃபேக்டரி எண்டதுக்குப் படைக்கலத் தொழிற்சாலை எண்டு போட்டு அது நிலைச்சும் போச்சு. இஞ்சையும் 'படையப்பொருள்' எண்டு ஒரு சொல்லு சண்டைக்காலத்திலை வழக்கத்துக்கு வந்தது, ரவையிலை இருந்து தலைக்கவசம் வரை எல்லாத்தையும் பிடிக்கிற நல்ல சொல்லு, மெட்டீரியல் எண்டு பிரெஞ்சு உச்சரிப்போடை இங்கிலிஷிலை வாற சொல்லுக்கு அது நல்லாப் பொருந்தும். ஆனால் இது ஒரு காலத்தின்ரை, ஒரு பக்கத்தின்ரை வாசனையோடை இருக்கிற சொல்லு எண்டபடியால் நிறுவன அறிக்கையிலை போடேக்கை ஆர் வாசிக்கப் போகினம் எண்டு யோசிச்சுப் போடுங்கோ.

இனி ஓட்னன்ஸ். இதிலை முதல் ஆபத்து எழுத்துக்கூட்டலிலையே இருக்கு. நடுவிலை ஒரு ஐ எழுத்துக் கூடினால் அது ஓர்டினன்ஸ், கட்டளைச் சட்டம், ஐ இல்லாட்டில் வெடிபொருள். அடியிலை ரண்டும் ஒரே சொல்லுத்தான், பிறகுதான் பிரிஞ்சது. இலங்கையிலை 1916-ம் ஆண்டு 33-ம் இலக்கச் சுடுகலன் சட்டம் ஒரு ஓர்டினன்ஸ், அப்ப துவக்கு வழக்கிலை ஒரே பக்கத்திலை ரண்டு சொல்லும் வரும், களைச்ச கண்ணுக்கு மாறித்தான் தெரியும், வடிவாப் பாருங்கோ. (வெடிபொருட்கள் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இலை வந்தது, அது 21-ம் இலக்கம், அதாலை அது ஓர்டினன்ஸ் இல்லை, அக்ட்.)

ஓட்னன்ஸ் எண்டதுக்குள்ளை மிதிவெடி அடங்குமோ எண்டதுதான் உங்கடை துறையிலை உண்மையாத் தலையிடி தாற கேள்வி, இதை ஒருத்தரும் புதுசா வாற பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறேல்லை. 2003-இலை போர் மிச்சமா விட்ட வெடிபொருட்களைப் பற்றி ஒரு சர்வதேச நெறிமுறை ஏற்படுத்தினவை, ஐந்தாவது நெறிமுறை எண்டு சொல்லுறது. அதின்ரை வரைவிலக்கணத்திலை எக்ஸ்ப்ளோசிவ் ஓட்னன்ஸ் எண்டால் வெடிமருந்து உள்ள மியூனிஷன்கள், ஆனால் கண்ணிவெடியும் பொறிவெடியும் அதுக்குள்ளை இல்லை, அதுகளுக்கு வேறை நெறிமுறை இருக்கு எண்டு விலக்கி வைச்சிருக்கு. ஆனால் கண்ணிவெடி அகற்றுற ஆக்கள் பாவிக்கிற சர்வதேசத் தரநிலை ஆவணத்திலை அதே சொல்லுக்குள்ளை கண்ணிவெடியும் சேத்தி. அப்ப ஒரு காணிக்கு 'வெடிக்காத வெடிபொருள் அகற்றப்பட்டது' எண்டு ஒரு கடிதம் வந்தால், அது எந்த வரைவிலக்கணப்படி எண்டு பாக்காமல் 'மிதிவெடி இல்லை' எண்டு சனத்துக்குச் சொல்லிப்போடக்கூடாது. கடிதம் எழுதின நிறுவனத்துக்கு போன் எடுத்துக் கேளுங்கோ, மிதிவெடியும் தேடினதோ, எவ்வளவு ஆழத்துக்குத் தேடினது எண்டு. கிணறு வெட்டுற ஆக்களுக்கு அந்த ஆழம்தான் முக்கியம். மொழிபெயர்ப்பாளர் போன் எடுத்துக் கேக்கிறது அவமானம் இல்லை.

அதே நெறிமுறையிலை இன்னொரு பிரிவு இருக்கு, அதுவும் தமிழிலை அடிக்கடி குழம்பிற ஒண்டு. அடிச்சும் வெடிக்காமல் கிடக்கிறது ஒண்டு, பாவிக்காமலே விட்டிட்டுப் போனது இன்னொண்டு. முதல்லை சொன்னதுக்கு 'வெடிக்காத வெடிபொருள்' எண்டு இப்ப வழங்கி வருது, மற்றதுக்கு 'கைவிடப்பட்ட வெடிபொருள்' எண்டு போடுங்கோ. பங்கர் ஒண்டைத் தோண்டேக்கை பெட்டியோடை வாற ரவையும் செல்லும் ரண்டாவது வகை, 'இது அடிக்காத செல்லுத்தானே, புதுசு, ஒண்டும் செய்யாது' எண்டு தூக்கிற ஆக்கள் இருக்கினம், அதாலை அறிவித்தலிலை ரண்டையும் வேறை வேறையாச் சொல்லத்தான் வேணும்.

கொத்தணிக்குண்டு சம்பந்தமா ஒரு வசனம் உங்கடை அறிவித்தலிலை வந்தால் ஒண்டைக் கவனியுங்கோ. 2008-இலை வந்த அந்த உடன்படிக்கையிலை கிளஸ்டர் மியூனிஷன் எண்டது வெளி உறையையும் உள்ளுக்கை இருக்கிற சின்னக் குண்டுகளையும் சேத்து முழுசாச் சொல்லுறது, உள்ளுக்கை வாற ஒவ்வொண்டும் 20 கிலோவுக்குக் குறைவா இருக்கவேணும் எண்டு வரைவிலக்கணம். நிலத்திலை கிடக்கிறது அந்தச் சின்னன்தான். அதுக்குச் 'சிறுகுண்டு' எண்டு போடுங்கோ, ரண்டுக்கும் 'கொத்தணிக்குண்டு' எண்டு ஒரே சொல்லைப் போட்டால் சனம் பெரிய குண்டு ஒண்டைத் தேடுமே தவிர கைக்குள்ளை அடங்கிற ஒண்டைப் பாக்காது. இலங்கை 2017 டிசம்பர் 13-ம் திகதி கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலையும் 2018 மார்ச் 1-ம் திகதி கொத்தணிக்குண்டு உடன்படிக்கையிலையும் சேர்ந்திட்டுது, அதாலை இந்தச் சொல்லுகள் இனி அரசாங்கக் கடிதங்களிலையும் வரும், ஒரு நிறுவனத்துக்கு ஒரு சொல்லு எண்டு இல்லாமல் எல்லாரும் ஒண்டா இருந்து ஒரு சொற்பட்டியல் செய்தால் எவ்வளவு நல்லது.

உங்கடை அறிவித்தலுக்கு நான் எழுதினால் இப்பிடித்தான் எழுதுவன்: 'காணி துப்பரவாக்கும்போது, கிணறு வெட்டும்போது, விறகு எடுக்கும்போது செல், மிதிவெடி, கிறனைட், ஆர்பிஜி, ரவைப்பெட்டி, வயர் பூட்டிய பெட்டி, என்னவென்று தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடவேண்டாம், தட்டவேண்டாம், எரிக்கவேண்டாம். அப்படியே நின்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். நடந்து வந்த காலடி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதே காலடியில் திரும்புங்கள். கிராம அலுவலருக்கு அல்லது 119க்கு அறிவியுங்கள்.' தலைப்பிலை போடுற 'வெடிபொருட்கள்' போக, மியூனிஷன்ஸ் எண்ட சொல்லுக்கு நேர்ச்சொல்லு இந்த வசனங்களிலை எங்கையும் இல்லை. மேலதிகாரி கேட்டால், மூலத்திலை இருக்கிற சொல்லை விட்டிட்டீங்கள் எண்டு சொன்னால், அறிக்கைக்கும் அறிவித்தலுக்கும் வாசிக்கிற ஆள் வேறை எண்டு மரியாதையா விளங்கப்படுத்துங்கோ. அறிக்கையிலை 'வெடிபொருட்கள்' எண்டு போடுங்கோ, அங்கை அது காணும்.

இனி மாமான்ரை விசயம். 'சாமான் ஏத்திக் குடுத்தனான்.' தங்கச்சி, உங்கடை வயசுக்கு இந்தச் சொல்லின்ரை பாரம் தெரிய நியாயமில்லை. அந்தக் காலத்திலை 'சாமான்' எண்டால் இயக்கப்பெடியள் வாயிலை துவக்கும்தான், மாவும் சீனியும்தான். அதோடை தொண்ணூறுகளிலை வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த நேரம் பற்றறி, பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் தடைசெய்த பட்டியலிலை இருந்தது. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவைச் சுத்தி றேடியோவிலை செய்தி கேட்ட சனம் நாங்கள், ரண்டு பற்றறியை உடுப்புக்கை மறைச்சுக் கொண்டுவந்ததே குற்றம். அப்ப ஒரு லொறிக்காரர் 'சாமான் ஏத்தினனான்' எண்டு சொன்னால் அது அரிசியா இருக்கலாம், மண்ணெண்ணையா இருக்கலாம், உரமா இருக்கலாம், காயப்பட்ட சனத்துக்கு மருந்தா இருக்கலாம். ஆயுதமாயும் இருக்கலாம். எது எண்டு தெரிஞ்சவர் மாமா ஒருத்தர்தான். நீங்களோ நானோ அகராதியைப் பாத்து முடிவெடுக்கிற விசயம் இல்லை.

மியூனிஷன்ஸ் எண்டு நீங்கள் போட்டால் கனடாவிலை அதை வாசிக்கிற அதிகாரிக்கு அது ஆயுதம், வெடிபொருள் கடத்தினது எண்டு மட்டும்தான் விளங்கும். கனடா 2006-இலை புலிகளைத் தடைப்பட்டியலிலை போட்டது, அங்கத்தை குடிவரவுச் சட்டத்திலை 34-ம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, பயங்கரவாதத்திலை ஈடுபட்டவர், அப்பிடியான அமைப்பிலை இருந்தவர் எண்டு கண்டால் நாட்டுக்குள்ளை அனுமதிக்கிறேல்லை. அரிசி ஏத்தின மனிசனை ஒரு சொல்லாலை அந்தப் பிரிவுக்குள்ளை தள்ளிவிடலாம். மற்றப்பக்கமும் யோசியுங்கோ, உண்மையிலை ஆயுதம்தான் ஏத்தினவர் எண்டால் அதை 'ஃபூட் ஐட்டம்ஸ்' எண்டு மாத்தி எழுதிறதும் பிழை, பிறகு நேர்முகத்திலை அவர் வேறை சொல்ல, கடிதம் வேறை சொல்ல, மனிசன்ரை முழுக்கதையையும் நம்பாமல் விட்டிடுவினம். சாமான் எண்டதுக்கு 'திங்ஸ்' அல்லது 'குட்ஸ்' எண்டு போட்டு, மூலத்திலை இருக்கிற தமிழ்ச்சொல்லை அப்பிடியே எழுதி, இந்தச் சொல்லுக்குப் பொதுக்கருத்து இது எண்டு ஒரு குறிப்புப் போடுறதுதான் முறை. அதுக்கு முதல் மாமாவை அவற்றை வக்கீலோடை இருந்து அந்த வசனத்தைத் தமிழிலையே திருத்தி எழுதச் சொல்லுங்கோ, என்ன ஏத்தினனான், ஆர் ஏத்தச்சொன்னது, விருப்பத்தோடையோ வற்புறுத்தியோ, எந்த வருசம், எங்கையிருந்து எங்கை எண்டு. அப்பிடி எழுதினால் மொழிபெயர்ப்பாளருக்கு ஊகிக்கிற வேலையே இல்லை.

கடைசியா ஒண்டு. கனடா குடிவரவுத் திணைக்களத்துக்குப் போற கடிதங்களைச் சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் அவை ஏற்கமாட்டினம், தாய் தகப்பன், சகோதரம் மட்டும் இல்லை, மாமா மாமி, மருமக்கள், மச்சான் மச்சாள் வரைக்கும் அந்தத் தடை போகுது. அகதிச் சபைக்குப் போற கடிதம் எண்டால் மொழிபெயர்ப்பாளரின்ரை உறுதிக்கூற்றும் சேத்துக் குடுக்கவேணும், அங்கையும் சொந்தக்காரர் கையெழுத்து நம்பிக்கையைக் குறைக்கும். அதாலை இந்த வாக்குமூலத்தை நீங்கள் செய்யாமல் அங்கை அங்கீகாரம் பெற்ற ஒராளிட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ, குடுக்கேக்கை 'சாமான்' வாற அந்த வசனத்தைப் பென்சிலாலை கோடு போட்டுக் குடுங்கோ.